துப்பாக்கிப் பிரிவில் பீரோ அக்கா

துப்பாக்கி உரிமப் பிரிவில் எட்டு இரும்பு பீரோக்கள் இருந்தன. எட்டின் சாவிகளும் ஒரே வளையத்தில். அந்த வளையத்தைப் பதினாறு வருடமாகத் தன் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்துக் காத்ததால், அங்கே குமாஸ்தாவாக இருந்த பெண்மணியை எல்லாரும் பீரோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த உரிம அலுவலர், வயதில் சின்னப் பெண், அவர்கூட இரண்டாவது வாரத்திலேயே "அக்கா" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஊரில் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது அந்தப் பீரோக்களுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். பன்றி இறங்குகிற தோட்டத்தின் சொந்தக்காரர், நகைக்கடை முதலாளி, சுடும் போட்டிக்குப் போகிற பல் டாக்டர் என்று ஆளுக்கொரு கோப்பு. எதற்காகத் துப்பாக்கி வேண்டும், எந்தச் சுவரில் பதித்த பெட்டியில் வைக்கிறார், தோட்டாவைத் தனியாகப் பூட்டுகிறாரா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், கடைசியாக எந்த டாக்டரிடம் எதற்காகப் போனார் என்று மூன்று வருடத்துக்கு ஒரு முறை துருவித் துருவிக் கேட்டு எழுதி வாங்குவார்கள். இத்தனையையும் வாங்கிக்கொள்கிற சட்டம், பதிலுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. கோப்பில் உள்ளது வேலை நிமித்தம் தவிர யார் காதுக்கும் போகாது. அந்தப் பிரிவுக்கு வருகிறவர்கள் முதல் நாளே அதில் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவும் போட்டிருந்தார்.

போட்ட கையெழுத்துக்குக் குறைவில்லாமல் நடந்தும் கொண்டார். ஒரு முறை பத்திரிகைக்காரர் ஒருவர் பட்டியல் கேட்டு வந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். வந்த வழியே போனார். தன் கூட்டாளியிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று மட்டும் சொன்னால் போதும் என்று ஒரு மில் முதலாளி கெஞ்சினார். "இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா தேநீர் குடிக்கப் போய்விட்டார். பீரோ அக்காவிடம் மணி என்ன என்று கேட்டால்கூட எழுத்து மூலமாகக் கேட்கச் சொல்வார் என்று அலுவலகத்தில் கேலி உண்டு. கேலி செய்தவர்களுக்கே உள்ளுக்குள் அவர்மேல் மரியாதைதான்.

இரண்டு தெரு தள்ளி, அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் தங்கையின் வீடு. கல்யாணம் ஆகாத அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான். தங்கை கலகலப்பானவள். தங்கை வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் விற்கிறவர். வாயைத் திறந்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்த மேஜையில் அக்காவின் பேச்சுக்கு யாரும் காத்திருந்ததில்லை. அவர் ஏதாவது ஆரம்பித்தால் பாதியில் யாராவது குழம்பை நகர்த்தச் சொல்வார்கள். அதை அவர் குறையாக எடுத்துக்கொண்டதும் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடிக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் ஒரு வங்கியில் காவலர். மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார். முந்தின நாள் தங்கையின் ஆறு வயது மகள் மாடிப்படியில் பந்தைத் தட்டி விளையாட, அவர் வெளியே வந்து சத்தம் போட்டிருக்கிறார்.

"அவரு தூங்கணும்னா நாங்க குழந்தையைக் கட்டியா போட முடியும்?" என்றாள் தங்கை. "சாயங்காலம் மேல போயி நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கப் போறேன்."

"வேணாம். அந்த ஆள்கிட்ட வம்பு வச்சுக்காதே" என்றார் அக்கா.

"ஏன், கடிச்சுருவாரா?"

"அவரு வீட்டுல துப்பாக்கி இருக்கு."

தங்கை வீட்டுக்காரரின் கை தட்டின்மேல் நின்றது. "அது பேங்க்கோடதுல்ல? அங்கேயே வச்சுப் பூட்டிருவாங்கன்னு நினைச்சேன்."

"அவரோட சொந்தத் துப்பாக்கி. லைசென்ஸும் துப்பாக்கியும் இருக்கறதாலதான் அந்த வேலையே. டியூட்டி முடிஞ்சதும் வீட்டுக்குத்தான் வரும்."

இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மேஜையில் அத்தனை வருடத்தில் முதல் முறையாக இரண்டு பேர் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்தார்கள். அது ஒரு மாதிரி இதமாக இருந்தது என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். அந்த இதத்தில்தான் அடுத்ததும் வந்தது.

"நாலு வருஷம் முந்தி சம்சாரம் போனப்ப மனசு சரியில்லாம மருந்து சாப்பிட்டுட்டு இருந்தாரு. அப்ப எட்டு மாசம் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷன்லதான் இருந்துச்சு. உங்களோட வச்சுக்கங்க, வெளிய போகக் கூடாது."

"சேச்சே, நாங்க யாருகிட்டக்கா சொல்லப் போறோம்" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

உண்மையில் நடந்தது வேறு. துப்பாக்கியை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. அவராகவே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ஒரு கடிதத்தோடு அக்காவின் கவுண்டருக்கு வந்தார். "என் மனம் இப்போது என் வசத்தில் இல்லை. இது என் வீட்டில் இருக்க வேண்டாம். சரியானதும் டாக்டர் சான்றிதழோடு வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று கோணல்மாணலான கையெழுத்தில் மூன்று வரி. பதினாறு வருடத்தில் அப்படி ஒரு கடிதத்தை அக்கா பார்த்ததில்லை. "ரொம்ப நல்ல காரியம் பண்றீங்கய்யா" என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் அந்தப் பாதியை அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு எவ்வளவோ யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. சொல்லியிருந்தால் கதை அவ்வளவு சுவையாக இருந்திருக்காது என்பதைத் தவிர.

பன்னிரண்டாம் நாள் காலைத் தபாலில் ஒரு மனு வந்தது. அந்தக் குடியிருப்பின் பதினான்கு வீட்டார் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தபாலைப் பிரித்து எண் போடுவதும் அக்காவின் வேலைதான். "மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவரும், அதனால் எட்டு மாதம் துப்பாக்கி பறிமுதல் செய்யப்பட்டவருமான ஒருவர் எங்கள் குழந்தைகளின் தலைக்கு மேல் துப்பாக்கியோடு வசிக்கிறார்" என்று தொடங்கியது மனு. கையெழுத்துகளில் மூன்றாவது தங்கை வீட்டுக்காரருடையது.

அக்கா படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தார். அன்று மதியம் தங்கைக்குப் போன் செய்தார்.

"நான் இவருகிட்ட மட்டும்தான்க்கா பேசினேன்" என்றாள் தங்கை. "இவரு லிஃப்ட்ல வச்சு செகரட்டரிகிட்ட மட்டும்தான் சொன்னாராம். அவருதான் குரூப்ல போட்டுட்டாரு. எல்லாருக்கும் குழந்தைங்க இருக்குல்ல. பயப்பட மாட்டாங்களா?"

"கையெழுத்துப் போட்டிருக்காரே."

"போடலைன்னா நாங்கதான் சொன்னோம்னு தெரிஞ்சுராதா?"

அக்கா போனை வைத்துவிட்டார்.

விதிப்படி, புகார் வந்தால் விசாரணை முடியும்வரை துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்க வேண்டும். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்ததும் அக்காதான். மூன்றாம் நாள் காவலர் துப்பாக்கியை ஒப்படைத்தார். துப்பாக்கி இல்லாத காவலரால் என்ன பயன் என்று வங்கி அவரை நிறுத்தி வைத்தது.

மனுவைப் படித்த அலுவலர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அக்காவைக் கேட்டார். "அக்கா, இந்த எட்டு மாசக் கதை வெளிய யாருக்குத் தெரியும்? இது நம்ம ஃபைல்ல மட்டும் இருக்கற விஷயம்."

"ஆமாம் மேடம்."

"உங்களைச் சந்தேகப்பட்டா என் நாக்கு அழுகிரும். ஃபைலைத் தூக்கிட்டு அலையறது யாரு?"

கோப்புகளை மேஜைக்கு மேஜை கொண்டுபோகிற அட்டெண்டர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். ஆமை மாதிரி நடப்பதால் அலுவலகத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அக்கா வாயைத் திறந்தார். "அவரு அப்படிப்பட்டவர் இல்லை மேடம்" என்ற ஒரு வரி வந்தது. அடுத்து வர வேண்டிய வரியைச் சொல்லாமல் தபால் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மறுநாள் எக்ஸ்பிரஸிடம் விளக்கம் கேட்டு மெமோ போனது. அவரை வாசல் கேட்டுக்கு மாற்றினார்கள். வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா தினமும் காலையில் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "வாங்கக்கா" என்பார். அக்கா கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு போவார்.

அந்த வாரத்திலேயே காவலர் கவுண்டருக்கு வந்தார். முகம் நாலு நாள் தாடியோடு இருந்தது. புகாருக்குப் பதில் எழுதும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே என்ன நிரப்புவது என்று தெரியாமல் நின்றார்.

"உட்காருங்கய்யா. நான் எழுதித் தர்றேன்."

"படிக்கட்டுல என்னைப் பார்த்தா குழந்தைங்களை உள்ள இழுத்துக் கதவைச் சாத்துறாங்கம்மா. அன்னிக்கு அந்தப் பாப்பாகிட்ட சத்தம் போட்டது தப்புதான். நைட் டியூட்டி பார்த்துட்டுப் படுத்திருந்தேன். மறுநாள் ஒரு பந்து வாங்கிட்டுப் போயிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க. இப்ப அந்தப் பந்து என் வீட்டு வாசல்ல கிடக்குது."

அக்கா படிவத்தை வாங்கி எழுத ஆரம்பித்தார். பெயர், முகவரி, உரிம எண் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கோப்பைப் பார்த்து எழுதுகிற மாதிரி நடித்தார்.

"யாரு சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன்" என்றார் காவலர். "இங்கேர்ந்து போயிருக்காது. நீங்க இருக்கீங்களே. ஆஸ்பத்திரிலேர்ந்துதான் போயிருக்கணும். அந்த டாக்டரை நம்பித்தான்மா நான் வாயையே திறந்தேன். என் பொஞ்சாதி போனது, தூக்கம் வராதது, தோணக் கூடாததெல்லாம் தோணினது, எல்லாத்தையும் அவருகிட்ட கொட்டினேன். இனிமே செத்தாலும் டாக்டர் வாசலை மிதிக்க மாட்டேன்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. முழங்கையால் துடைத்துக்கொண்டார். அக்கா தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். "கவலைப்படாதீங்கய்யா, எல்லாம் நல்லபடியா முடியும்" என்றார். அப்படிச் சொன்ன தன் குரல் அவருக்கே யாரோ அந்நியருடையது போலக் கேட்டது. காவலர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அக்கா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் வெகு நேரம் நின்றார். கண்ணாடி எதிரில்தான் இருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். வேலை போகும் என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது, "உங்களைச் சந்தேகப்பட்டா என் நாக்கு அழுகிரும்" என்ற அந்தச் சொல். அதைச் சொன்ன முகம் மாறுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். தலைவலி என்று சொன்னார்.

மனு வந்து இருபதாம் நாள் விசாரணை. அலுவலர் அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் காவலர், மடியில் ஒரு காகிதப் பை. எதிர்ப்பக்கம் குடியிருப்புச் செயலாளரும், தங்கையும் அவள் வீட்டுக்காரரும். அக்கா ஓரத்தில் உட்கார்ந்து, சொல்லப்படுகிறதை எழுத வேண்டும்.

அலுவலர் முதலில் வீட்டுச் சோதனை அறிக்கையைப் படித்தார். பெட்டி சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது, பூட்டு சரி, தோட்டா வேறு அறையில், எண்ணிக்கை பதிவோடு ஒத்துப்போகிறது. ஒரு குறையும் இல்லை. பிறகு மனுதாரர்களைப் பார்த்தார்.

"இவரு சிகிச்சை எடுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செயலாளர் தங்கை வீட்டுக்காரரைப் பார்த்தார். வாயாடி மனிதர், மேஜை விரிப்பின் பூவை எண்ணிக்கொண்டிருந்தார். தங்கைதான் முந்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறாங்க மேடம். அவங்க சொன்னாங்க."

சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தாள். கூடப் பிறந்தவளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அந்தப் பார்வையில் இருந்தது. காவலர் மெல்லத் தலையாட்டினார். தான் நினைத்தது சரியாகப் போய்விட்டது என்கிற மாதிரி.

"எழுதுங்கக்கா" என்றார் அலுவலர். "மருத்துவமனை ஊழியர் ஒருவர் மூலம்..."

அக்கா 'மருத்துவமனை' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

"மேடம், இதை என்னால எழுத முடியாது."

"ஏன்?"

"ஆஸ்பத்திரில யாரும் சொல்லலை. இவ என் தங்கச்சி. சொன்னது நான்தான்."

அலுவலரின் முகம் மாறியது. எந்த மாற்றத்துக்குப் பயந்து இருபது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அதை அக்கா குனியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குறையாக விட்டதையும் சொன்னார். பறிமுதல் இல்லை, அவராகவே கொண்டுவந்து ஒப்படைத்தார் என்று கோப்பைத் திறந்து அந்த மூன்று வரிக் கடிதத்தை உரக்கப் படித்தார். "என் மனம் இப்போது என் வசத்தில் இல்லை" என்ற இடத்தில் காவலர் கையை நீட்டி, "போதும்மா, படிக்காதீங்க" என்றார். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. நியாயம் பேசுகிறேன் என்று மறுபடியும் அவருடைய அந்தரங்கத்தைத்தான் நாலு பேர் முன்னால் விரித்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு காவலர் பக்கம் வந்தது. உரிமம் செல்லும், துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம் என்று அலுவலர் எழுதினார். அக்காவின் சாவி வளையம் அன்றே கைமாறியது. பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அலுவலர் அவரை அக்கா என்று கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்று ஆரம்பிப்பார்.

எக்ஸ்பிரஸ் பழைய இடத்துக்குத் திரும்பினார். அக்கா அவரிடம் போய், "உங்க முகத்துல முழிக்க எனக்கு யோக்கியதை இல்லை" என்றார்.

"மெமோ வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்க்கா" என்றார் அவர். "நான் எடுக்கலை. மேடம் ஊருக்குப் புதுசு. மிச்சம் யாரு? நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு தினமும் கேட்டுல பார்த்துட்டு இருந்தேன். நீங்கதான் பைக்குள்ள எதையோ தேடிட்டுப் போயிட்டே இருந்தீங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அக்காவுக்கு.

வங்கி அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டது. காவலர் வீட்டைக் காலி செய்யப் போகிறார் என்று கேள்விப்பட்டு அக்கா ஒரு மாலை மூன்றாம் மாடிக்கு ஏறினார். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது தங்கை வீட்டுக் கதவு மூடியிருந்தது. காவலர் கதவுச் சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தார். பின்னால் மூட்டை கட்டிய பாத்திரங்களும், சுவரில் பெட்டியைப் பிடுங்கிய நாலு ஓட்டைகளும் தெரிந்தன.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்யா."

"துப்பாக்கியை வித்துட்டேன்" என்றார் அவர், பதில் சொல்லாமல். "லைசென்ஸையும் திருப்பிக் குடுத்தாச்சு. இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சப்புறம் வீட்டுல வச்சுக்கிட்டா எவன் எப்ப உடைப்பான்னு காவல் காக்கணும். துப்பாக்கிக்கு நான் காவலா? ஒரு அச்சாபீஸ்ல கேட் வேலை கிடைச்சிருக்கு. கையில தடிதான்."

அக்கா கதவிடுக்கில் தெரிந்த அந்தப் பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க வாய் தவறிச் சொன்னீங்க. மனுசங்க பேசறதுதான். அதை மறந்துரலாம்" என்றார் காவலர். "நான் உங்க முன்னாடி உட்கார்ந்து அழுதேன்ல. அப்ப தண்ணி குடுத்தீங்க. குடுத்துட்டுக் கவலைப்படாதீங்கன்னும் சொன்னீங்க. அது எனக்கு மறக்க மாட்டேங்குதும்மா. அந்த டாக்டரைப் போயித் திட்டிட்டு வந்தேன், தெரியுமா? அவரு முகம் எப்படிப் போச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். காலில் வலி ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்க வேண்டியிருந்தது.

தங்கை மூன்று மாதம் பேசவில்லை. சபையில் வைத்து அக்கா தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார் என்று அவளுக்கு ஆற்றாமை. பிறகு ரத்த பாசம் வென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் தபால் பிரிவுக்கு ஒரு உறை வந்திருந்தது. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் கேட்டால் அவர்களுடைய மருத்துவக் காகிதங்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. காவலர் கேட்டிருந்தார். அலுவலர் உறையை ஒட்டி முத்திரை வைத்தே அனுப்பியிருந்தார். மேலே முகவரி மட்டும் எழுத வேண்டும். புது முகவரி, கூடவே ஒரு சீட்டில் இருந்தது. எழுத வேண்டுமானால் படித்துத்தான் ஆக வேண்டும். தெரு, கதவு எண், பின்பக்க மாடி என்று எழுதி முடித்தபோது, தெரிந்துகொள்ளக் கூடாத ஒன்று மறுபடியும் தெரிந்துவிட்டதே என்று அக்காவுக்கு முகம் சூடேறியது.

சாப்பிடும்போது தங்கை கேட்டாள். "ஆமாம், அந்த மூணாம் மாடிக்காரரு இப்ப எங்கக்கா இருக்காரு? பாவம், ஒரு நாள் போயிப் பார்த்துட்டு வரலாம்னு இவரு சொல்றாரு."

"தெரியாது" என்றார் அக்கா.

தங்கை "ஓ" என்றாள். அவ்வளவுதான். அவள் வீட்டுக்காரர் புதிதாக வந்த மோட்டார் ஒன்றைப் பற்றி ஆரம்பித்தார். ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல அக்காவுக்கு மூச்சுப் பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. காவலரைப் பற்றிப் பேச்சு வந்த அன்றைக்கும் இவ்வளவுதானே வேண்டியிருந்தது என்று நினைத்தபோது, தட்டிலிருந்து தலையை எடுக்க முடியாமல் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தார்.